ஸ்கைரிமில் அகலக்கால் வைக்காதீர்கள்: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கோபியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். “ஏனுங்க மாமா, ஸ்கைரிம் கேமில் இருபத்திரண்டாவது லெவலுக்கு வந்துவிட்டேன். ஆனால் குகையில் இருக்கிற கொள்ளைக்காரத் தலைவன் இரண்டே அடியில் என்னைச் சாய்த்துவிடுகிறான். கேம் எங்கேயாவது கெட்டுப்போயிருக்குமா?”

கேம் கெட்டுப்போகவில்லை. வீடியோ காலில் திரையைக் காட்டச் சொன்னேன். அதுவரை கிடைத்த இருபத்தொரு பெர்க் புள்ளிகளில் (பெர்க் என்பது ஒரு திறனைக் கூடுதலாக வலுப்படுத்தும் சலுகை) பூட்டுத் திறப்பதற்கு நான்கு, சட்டைப்பை திருட மூன்று, பேரம் பேச மூன்று. வாளுக்கு இரண்டு, வில்லுக்கு இரண்டு, தீ மந்திரத்துக்கு இரண்டு, மந்திரம் ஏற்றும் கலைக்கு இரண்டு, லேசான கவசத்துக்கு இரண்டு, கனமான கவசத்துக்கு ஒன்று. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், எதுவும் உருப்படியாகத் தெரியாது. நானும் 2013-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டு, ராத்திரி அறைக்கு வந்து முதன்முதலில் ஸ்கைரிம் ஆடியபோது இதையேதான் செய்தேன்.

எங்கள் அப்பாவுக்குக் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. தண்ணீர் முறை நமக்கு வருகிற ராத்திரியில் மண்வெட்டியும் டார்ச்சுமாகப் போய் நிற்பார். ஒரு பாத்தி நிறைந்து, அதன் வாயை மண் இழுத்து அடைத்த பிறகுதான் அடுத்ததன் வாயை வெட்டுவார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டிவிட்டால் காடு முழுக்க மேல்மண் மினுமினுக்கும். விடிந்து பார்த்தால் ஒரு மஞ்சள் கிழங்குக்கும் வேரில் ஈரம் இருக்காது. பெர்க் புள்ளியும் முறைத் தண்ணீர்தான். லெவலுக்கு ஒன்று வரும். அதை எந்தப் பாத்திக்கு வெட்டிவிடுவது என்பதுதான் இந்த ஆட்டத்தில் பாத்திரம் வளர்க்கும் கலை.

ஆடியே பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: ஸ்கைரிம் என்பது எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் ஐந்தாவது ஆட்டம், பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்டது. 2016-இல் ஸ்பெஷல் எடிஷன், 2021-இல் ஆனிவர்சரி எடிஷன் என்று புதுச்சட்டை போட்டு வந்தாலும், கீழே சொல்லும் அடிப்படைகள் எல்லாப் பதிப்புக்கும் பொருந்தும்.

முதலில்: எதிரியிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறீர்கள்?

ஆட்டம் தொடங்கியவுடன் முகம், மூக்கு, தாடி என்று ஒரு மணி நேரம் போய்விடும். போகட்டும், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் இந்த ஒரு கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்று அடி கொடுத்து அடி வாங்குகிறவரா? இருட்டில் பதுங்கி, எதிரி பார்க்கும் முன்னே முடிக்கிறவரா? எட்டி நின்று மந்திரம் வீசுகிறவரா? ஆட்டத்தில் உள்ள 18 திறன்களும் சண்டைக்கு ஆறு, மந்திரத்துக்கு ஆறு, திருட்டுத்தனத்துக்கு ஆறு என்று இதே மூன்று வழியாகத்தான் பிரிந்திருக்கின்றன.

முதல்முறை ஆடுபவருக்கு நான் சொல்வது வாளும் கேடயமும் கனமான கவசமும்தான். இது சுவாரஸ்யம் குறைந்த வழி என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் தப்புச் செய்தால் உயிரோடு இருந்து கற்றுக்கொள்ள இடம் கொடுப்பது இந்த வழி மட்டுமே. மந்திரவாதி தப்புச் செய்தால் பிணம்.

எப்படிப்பட்டவர் என்று முடிவான பிறகு அதற்கு உதவும் திறன்களாக ஐந்தோ ஆறோ தேர்ந்தெடுத்து ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். எங்கள் வழிக்கு: ஒரு கை ஆயுதம், கேடயம், கனமான கவசம், கொல்லுவேலை, அதோடு குணப்படுத்தும் மந்திரமான ரெஸ்டோரேஷன். தாளில் இல்லாத திறன் தானாக வளர்ந்தால் வளரட்டும். அதற்குப் புள்ளி மட்டும் கிடையாது.

இனம் எதுவானாலும் கெட்டுப்போக மாட்டீர்கள்

பத்து இனங்கள் உண்டு. எல்லாத் திறனும் 15-இல் தொடங்கும். இனத்தைப் பொறுத்து ஒரு திறன் 25-லும் ஐந்து திறன்கள் 20-லும் நிற்கும். இந்த வித்தியாசம் முதல் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். கடைசிவரை கூட வருவது இனத்துக்கே உரிய பிறவிக் குணம்தான். பிரெட்டனுக்கு எந்த மந்திரத்தாக்குதலிலும் 25 சதவீதம் குறைவாகவே அடிபடும். நார்டுக்குப் பனித்தாக்குதலில் பாதி. ஹை எல்ஃப் 50 மேஜிக்கா, அதாவது மந்திரம் போடும் சக்தி, கூடுதலாகக் கொண்டு வருவார். ஓர்க் நாளுக்கு ஒருமுறை 60 வினாடிகள் வெறி கொண்டு இரண்டு மடங்கு அடிப்பார், பாதி அடியே வாங்குவார். வாள்-கேடயக்காரருக்கு ஓர்க் அல்லது ரெட்கார்ட் நல்லது. பூனை முகம்தான் பிடித்திருக்கிறது என்றால் காஜீத்தாகவே கனமான கவசம் போட்டுக்கொண்டு போங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை.

ஹெல்கனிலிருந்து வெளியே வந்ததும்

ஆட்டம் தொடங்கும் ஊர் ஹெல்கன். அங்கே உங்கள் தலை வெட்டப்படும் நேரத்தில் டிராகன் வந்து ஊரை எரிக்கும். தப்பிக்கும்போது கூட வரும் இருவரில் ஹாட்வாருடன் போவதா ராலோஃபுடன் போவதா என்று குழம்ப வேண்டாம். அந்த ஒரு தேர்வால் உங்கள் பாத்திரத்தின் வளர்ச்சி மாறிவிடாது. குகையிலிருந்து வெளியேறி ரிவர்வுட் கிராமத்துக்கு நடக்கும் வழியில் மூன்று கற்கள் நிற்கும். போர்வீரன் கல், மந்திரவாதி கல், திருடன் கல். எதைத் தொடுகிறீர்களோ அந்த வகைத் திறன்கள் 20 சதவீதம் வேகமாக வளரும். ஒரு நேரத்தில் ஒரு கல்லின் அருள்தான். மனம் மாறினால் திரும்பி வந்து வேறொன்றைத் தொடலாம்.

இங்கேயே ஆட்டத்தின் கணக்கையும் புரிந்துகொள்வது நல்லது. ஸ்கைரிமில் எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி கிடைக்காது. வாள் வீசினால் வாள் திறன் வளரும், அடியைத் தடுத்தால் கேடயத் திறன் வளரும். திறன் ஒரு படி ஏறும்போதெல்லாம் லெவல் பட்டையில் கொஞ்சம் நிரம்பும். ஒரு திறன் 20-ஐத் தொட்டால் 20 புள்ளி, 60-ஐத் தொட்டால் 60 புள்ளி. முதல் லெவலிலிருந்து இரண்டாவதற்கு 100 புள்ளி வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் 25 கூடிக்கொண்டே போகும்.

எந்தத் திறன் ஏறினாலும் லெவல் ஏறும் என்பதில்தான் மாப்பிள்ளை மாட்டிக்கொண்டான். ஊர் ஊராகப் பூட்டுத் திறந்தே பத்து லெவல் ஏறியிருந்தான். உங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் தடிப்பார்கள். சாதாரணக் கொள்ளைக்காரன் இருந்த இடத்தில் இரும்புக்கவசம் போட்ட தலைவன் வந்து நிற்பான். அவன் உங்கள் லெவலைத்தான் பார்ப்பான். அந்த லெவல் பேரம் பேசி வந்ததா, வாள் வீசி வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டான்.

மூன்று பட்டைகள்

லெவல் ஏறும்போது ஹெல்த் (உயிர்), மேஜிக்கா (மந்திர சக்தி), ஸ்டாமினா (உடல் தெம்பு) மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 10 புள்ளி கூடும். சண்டைக்காரர் என்றால் மூன்று லெவலில் இரண்டு முறை ஹெல்த், ஒருமுறை ஸ்டாமினா. மேஜிக்கா பக்கமே போக வேண்டாம். தொடக்கத்தில் இருப்பதே சின்னக் காயத்தை ஆற்றும் மந்திரத்துக்குப் போதும். ஸ்டாமினாவுக்கு இன்னொரு லாபம் உண்டு. நீங்கள் சுமக்கக்கூடிய எடை 300-இல் தொடங்கும். ஒவ்வொரு முறை ஸ்டாமினா ஏற்றும்போதும் 5 கூடும். மந்திரவாதிக்கு முதல் சில லெவல் மேஜிக்கா, பிறகு மாற்றி மாற்றி ஹெல்த். பதுங்கி வில் எய்பவருக்கு ஹெல்த்தும் ஸ்டாமினாவும் பாதிப்பாதி. இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பெர்க்: முதல் பதினைந்து லெவலுக்கு ஒரு கணக்கு

பதினைந்தாவது லெவலுக்கு வரும்போது 14 புள்ளிகள் கையில் வந்திருக்கும். வாள்-கேடயக்காரருக்கு அதை நான் செலவு செய்யும் விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

ஒவ்வொரு திறனுக்கும் உரிய பெர்க்குகள் ஒரு மரம்போலக் கிளைவிட்டு நிற்கும். ஒரு கை ஆயுத மரத்தில் அடிமரமாக நிற்கும் ஆர்ம்ஸ்மேன் பெர்க்கில் மூன்று படி. ஒவ்வொரு படிக்கும் அடி 20 சதவீதம் கூடும். திறன் 0, 20, 40 ஆகும்போது ஒவ்வொன்றாகத் திறக்கும். அதே மரத்தில் திறன் 20 ஆனதும் ஃபைட்டிங் ஸ்டான்ஸ். ஓங்கி அடிக்கும் அடிக்கு ஆகும் ஸ்டாமினா கால்வாசி குறையும். 30 ஆனதும் வாளுக்குரிய பிளேட்ஸ்மேனில் ஒன்று. ஆக ஐந்து.

கேடய மரத்தில் ஷீல்ட் வால் இரண்டு படி, பிறகு குயிக் ரிஃப்ளெக்சஸ் ஒன்று, பவர் பாஷ் ஒன்று. கடைசி இரண்டுக்கும் திறன் 30 வேண்டும். குயிக் ரிஃப்ளெக்சஸ் இருந்தால், எதிரி ஓங்கி அடிக்க வரும்போது நீங்கள் கேடயத்தைப் பிடித்திருந்தால் நேரமே மெதுவாகும். புதியவருக்கு இதைப்போல உதவும் பெர்க் வேறில்லை என்பேன். எதிரியின் கை மேலே போவது நிதானமாகத் தெரியும், உடனே கேடயத்தால் முட்டித் தள்ளலாம். இது நான்கு.

கனமான கவசத்தில் ஜகர்நாட் மூன்று படி, வெல் ஃபிட்டட் ஒன்று. தலை, உடல், கை, கால் நான்கும் கனமான கவசமாக இருந்தால் மொத்தக் காப்பு 25 சதவீதம் கூடும். பக்கத்திலேயே ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஸ்டீல் என்று ஒன்று கண்ணைப் பறிக்கும். அது வெறுங்கையால் குத்துபவருக்கு. கொஞ்சம் மேலே, உயரத்திலிருந்து விழுந்தால் பாதி அடி என்று ஒன்று. அடிக்கடி மலையிலிருந்து குதிக்கும் உத்தேசம் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதின்மூன்றாயிற்று. பதினான்காவது கொல்லுவேலையில் ஸ்டீல் ஸ்மித்திங். எஃகு வாளும் கவசமும் நீங்களே அடிக்கலாம், சாணைக்கல்லிலும் பணிமேசையிலும் அவற்றை இன்னும் கூர்தீட்டலாம், வலுவாக்கலாம்.

திறன் இன்னும் ஏறவில்லை, பெர்க் திறக்கவில்லை என்றால் புள்ளியைச் செலவழிக்காமல் வைத்திருங்கள். அது எங்கேயும் ஓடிப்போகாது. அடுத்த வாரம்கூட எடுக்கலாம். கையில் ஒரு புள்ளி இருந்தால் அரிப்பெடுத்து எதிலாவது போடுவதுதான் முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பு.

புள்ளியே போடக்கூடாதவை என்று நான் நினைப்பவை: பூட்டுத் திறக்கும் மரம் முழுவதும். மிகக் கடினமான மாஸ்டர் பூட்டைக்கூட ஒரு பெர்க்கும் இல்லாமல் திறக்கலாம். உடைவது உங்கள் கம்பிகளும் பொறுமையும்தான். சட்டைப்பை திருடும் மரத்தையும் முதல் ஆட்டத்தில் விட்டுவிடுங்கள். பேரம் பேசும் மரம் வியாபாரியாக வாழ ஆசைப்படுபவருக்கு. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் முப்பது லெவல்வரை அந்த ஒன்றை மட்டுமே வளர்த்து ஆடினார். ரசித்துத்தான் ஆடினார், ஆனால் அவருடைய சண்டைகளை எல்லாம் கூலிக்கு வந்த தோழர்கள் போட்டார்கள்.

அம்மா கேட்ட கேள்வியும் காய்கறி சூப்பும்

ஒருமுறை நான் ஆடிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கொள்ளு உதறிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு, “ஏன் சாமி, இந்த ஆள் காலையிலிருந்து ஓடுகிறான், வெட்டுகிறான், ஒரு வாய் சாப்பிடவில்லையே?” என்றாள். சாதாரண ஆட்டத்தில் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்றேன். சாப்பாட்டுப் பொருளையெல்லாம் அதுவரை கடைக்காரரிடம் விற்றுக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட பிறகுதான் சமையல் பட்டியலை முதன்முறையாகத் திறந்து படித்தேன்.

முட்டைக்கோஸ் ஒன்று, உருளைக்கிழங்கு ஒன்று, தக்காளி ஒன்று, லீக் ஒன்று. லீக் என்பது வெங்காயத்தாளுக்குத் தடித்த அண்ணன் மாதிரி இருக்கும். ஊட்டிக் காய் ஏற்றி வரும் மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். நான்கையும் சமையல் சட்டியில் போட்டால் காய்கறி சூப். இது வினாடிக்கு 1 ஹெல்த்தும் 1 ஸ்டாமினாவும் 720 வினாடிகள், அதாவது பன்னிரண்டு நிமிடம், கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இதிலென்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? ஓங்கி அடிக்கவும் கேடயத்தால் முட்டவும் அதற்கான முழு ஸ்டாமினாவும் இருக்க வேண்டியதில்லை. பட்டை சுத்தமாகக் காலியாகாமல் துளி இருந்தால் போதும். சூப் குடித்தவருக்கு அந்தத் துளி வினாடிக்கு வினாடி ஊறும். எனவே முட்டலாம், அவன் தடுமாறுவான், ஓங்கி அடிக்கலாம், மறுபடி முட்டலாம். முதல் லெவல் ஆளும் தனியாக வந்த பெரிய எதிரியைக் கைகால் அசைக்கவிடாமல் சுவரோரம் நிறுத்தி அடிக்கலாம். மாப்பிள்ளையைச் சாய்த்த கொள்ளைக்காரத் தலைவனுக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்த மருந்தும் இதுதான்.

காய்களுக்கு வைட்ரன் நகரத்துக்கு வெளியே உள்ள தோட்டங்களுக்குப் போங்கள். செடியில் நிற்பதை எவ்வளவு பறித்தாலும் திருட்டு இல்லை. பறித்ததை அந்தத் தோட்டக்காரரிடமே விற்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். நம்மூரில் அடுத்தவர் காட்டில் ஒரு கோஸைத் தொட்டுப் பாருங்கள் தெரியும். தக்காளி மட்டும் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். கடைகளிலும் விடுதிகளிலும் பார்த்தபோதெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லெடுத்தால் திரும்ப முடியாது

எந்த வழியில் தொடங்கினாலும் கடைசியில் எல்லோரும் பதுங்கி வில் எய்பவராகவே முடிவார்கள் என்பது இந்த ஆட்டத்தைப் பற்றி உலகம் முழுக்கச் சொல்லும் கிண்டல். காரணம் கணக்கில் இருக்கிறது. பார்க்காத எதிரி மீது எய்த அம்பு இரண்டு மடங்கு அடிக்கும். பதுங்கும் திறன் 40 ஆனதும் ஒரு பெர்க்கால் மூன்று மடங்கு. குத்துவாளானால் இன்னும் கொடுமை. சாதாரணமாகவே மூன்று மடங்கு. திறன் 30-இல் ஒரு பெர்க் அதை ஆறாக்கும், 50-இல் இன்னொன்று பதினைந்தாக்கும். திரையின் நடுவில் ஒரு கண் தெரியும். அது மூடியிருந்தால் யாரும் உங்களைப் பார்க்கவில்லை. திறந்துகொண்டே வந்தால் நகராமல் இருட்டுக்குள் உட்காருங்கள். நெஞ்சில் அம்பு தைத்த தோழனைத் தாண்டி நடந்து போய்விட்டு, ‘யாருமில்லை போல’ என்று திரும்பிப் போகும் காவலர்களைப் பார்த்துச் சிரிப்பதில் முதல் பத்து மணி நேரம் போகும்.

அதன் பிறகு சலிக்கும். எல்லாக் குகையும் ஒரே குகையாகிவிடும். அதனால்தான் முதல் ஆட்டத்துக்கு இதைச் சொல்வதில்லை. ஆனாலும் சண்டைக்காரரும் ஒரு வில்லைத் தோளில் வைத்திருக்கத்தான் வேண்டும், டிராகன் தரையில் இறங்கும்வரை வாளை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்பது மானக்கேடு.

வில் கற்க ரிவர்வுட்டிலேயே ஃபெண்டால் என்று ஒருவர் இருக்கிறார். திறன் 50 ஆகும்வரை காசுக்குக் கற்றுக்கொடுப்பார். அவர் விரும்பும் கமில்லா என்ற பெண்ணின் விஷயத்தில் அவருக்கு உதவினால் உங்களோடு தோழராகவும் வருவார். தோழரின் மூட்டையைத் திறந்து பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு அல்லவா, நீங்கள் கொடுத்த கல்விக் கட்டணம் அதிலேயே இருக்கும். எடுத்துக்கொள்ளலாம். இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லா ஆசிரியர்களிடமும் சேர்த்து ஒரு லெவலுக்கு ஐந்து பாடம்தான் என்ற வரம்பு மட்டும் உண்டு. கையில் காசு சேரும்போது முதலில் பாடத்துக்குச் செலவழியுங்கள். குதிரை 1000 பொன். ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போய்ச் சுழி பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே பார்த்து வாங்க ஒன்றுமே இல்லை என்பது ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

மந்திரவாதிக்குச் சுருக்கமாக

தீ வீசும் ஃபிளேம்ஸ், காயம் ஆற்றும் ஹீலிங் இரண்டு மந்திரங்களும் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. டிஸ்ட்ரக்‌ஷன் என்ற தாக்கும் மந்திரத் திறன் ஏறினால் மந்திரத்தின் அடி கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். மேஜிக்கா செலவுதான் குறையும். அடி கூட வேண்டுமென்றால் தீ, பனி, மின்னல் மூன்றில் ஒன்றைப் பிடித்து அதற்குரிய பெர்க்கை வாங்க வேண்டும். தீயையே பிடியுங்கள். புதைகுழிகளில் எழுந்து வரும் டிராகர்களும் வடநாட்டு நார்டுகளும் பனியைத் தாங்குவார்கள், தீயைத் தாங்கமாட்டார்கள். திறன் 40 ஆனதும் இம்பாக்ட் என்ற பெர்க். இரண்டு கையாலும் சேர்த்து ஒரே மந்திரத்தை வீசினால் எதிரி தடுமாறுவான். மந்திரவாதியின் வாழ்க்கை இதற்கு முன், இதற்குப் பின் என்று இரண்டு பாகம். அதுவரை கான்ஜுரேஷனால் ஓர் ஓநாய் ஆவியை வரவழைத்து முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நில்லுங்கள். வைட்ரன் அரசர் உங்களுக்குத் துணையாகக் கொடுக்கும் லிடியாவை முன்னால் விட்டால், உங்கள் தீ அவர் முதுகிலும் படும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

கொல்லன் ஆசை

இரும்புக் குத்துவாளை நூறு நூறாக அடித்துத் திறன் 100 ஆக்குவது ஒரு காலத்து வழி. பிறகு வந்த திருத்தத்தில், அடிக்கும் பொருளின் மதிப்பைப் பொறுத்துத் திறன் வளரும்படி மாற்றிவிட்டார்கள். இப்போது இரும்புத் தாதை வெள்ளியாகவும் வெள்ளியைத் தங்கமாகவும் மாற்றும் டிரான்ஸ்மியூட் மந்திரத்தை வைட்ரனுக்கு வடக்கே ஹால்டட் ஸ்ட்ரீம் கேம்ப்பில் எடுத்து, தங்க மோதிரமாக அடித்துத் தள்ளுகிறார்கள்.

செய்யலாம். ஆனால் பத்தாவது லெவலிலேயே கொல்லுவேலை, மந்திரமேற்றுதல், ரசவாதம் மூன்றையும் உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் அதன் பிறகு ஆட்டத்தில் ஆடுவதற்கு எதுவும் இருக்காது. தறிப்பட்டறையில் பகல் முழுக்க ஒரே வேலையைச் செய்துவிட்டு வந்தவர் ராத்திரியும் கொல்லுப்பட்டறையில் நின்று மோதிரம் அடிக்க வேண்டுமா? போகிற போக்கில் கிடைத்த எஃகை வைத்து, உங்கள் வாளையும் கவசத்தையும் மட்டும் அவ்வப்போது தீட்டிக்கொண்டு வாருங்கள். கவசத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. கேடயம் இல்லாமல் நான்கு துண்டுக் கவசத்தோடு காப்பு 567 என்று காட்டினால் அதற்குமேல் ஏற்றுவது வீண். 80 சதவீதத்துக்கு மேல் எந்தக் கவசமும் அடியைக் குறைக்காது.

சில்லறை விஷயங்கள்

வைட்ரன் சமவெளியில் பெரிய யானைகளை மேய்த்துக்கொண்டு ராட்சதர்கள் நிற்பார்கள். தொந்தரவு செய்யாவிட்டால் அவர்களும் செய்யமாட்டார்கள். நான் மூன்றாவது லெவலில் ஒரு கோடரியோடு போய்த் தொந்தரவு செய்தேன். கதாயுதத்தால் ஒரே அடி. பாத்திரம் மேலே, மேலே, சென்னிமலைக் கோயிலையும் தாண்டிய உயரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அறைத்தோழன் டீயைச் சிந்திவிட்டான்.

ஊர் சுற்றிப் பார்க்கத்தான் ஆசை, டிராகன் தொல்லை இப்போதைக்கு வேண்டாம் என்றால் வைட்ரனின் மேற்குக் காவல்கோபுரச் சண்டைவரை கதையை நகர்த்தாதீர்கள். அதற்குப் பிறகுதான் வழியில் டிராகன்கள் வரத் தொடங்கும். ஆனால் டிராகன் மொழியில் முழங்கும் சக்தியும் அதற்குப் பிறகுதான்.

விடுதியில் 10 பொன்னுக்கு அறை எடுத்துத் தூங்கி எழுந்தால் எட்டு மணி நேரத்துக்குத் திறன்கள் 10 சதவீதம் வேகமாக வளரும். வைட்ரனில் வீடு 5000 பொன். வாங்கிவிட்டால் அந்த வாடகையும் மிச்சம், சூப் வைக்கச் சட்டியும் உண்டு.

கடினத்தில் ஆறு நிலைகள். அடெப்ட் என்பதில் தொடங்கும். அங்கே கொடுக்கும் அடியும் வாங்கும் அடியும் உள்ளபடி. உச்சமான லெஜண்டரியில் உங்கள் அடி கால்வாசியாகும், வாங்கும் அடி மூன்று மடங்காகும். ஆட்டத்தின் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். தாங்கவில்லை என்றால் ஒரு நிலை இறக்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்க்கப்போவதில்லை.

ஏற்கெனவே புள்ளிகளைச் சிதறவிட்டவர்களுக்கு

இரண்டு வழி இருக்கிறது, இரண்டுமே உடனடி நிவாரணம் தராது. ஒரு திறன் 100-ஐத் தொட்டால் அதை லெஜண்டரி ஆக்கலாம். திறன் 15-க்கு இறங்கும், அதில் போட்ட புள்ளிகள் எல்லாம் கைக்கு வரும். 2013-இல் வந்த திருத்தம் இது. இன்னொன்று சோல்ஸ்தைம் தீவின் கதையை முடித்த பிறகு ஒரு கருப்புப் புத்தகத்துக்குள் கிடைக்கும்: ஒரு டிராகன் ஆன்மாவைக் கொடுத்தால் ஒரு மரத்தின் புள்ளிகளைத் திருப்பி எடுக்கலாம். அங்கே போவதற்குள் எப்படியும் பலசாலியாகிவிடுவீர்கள்.

பத்துப் பன்னிரண்டு லெவலுக்குள் தப்புத் தெரிந்துவிட்டால் புதிதாகத் தொடங்குவதே மேல். மாப்பிள்ளைக்கு அதைச் சொன்னேன், கேட்கவில்லை. நாற்பது மணி நேரம் போட்டிருக்கிறேன் மாமா என்றான். சரி, அப்படியானால் இனி வரும் ஒவ்வொரு புள்ளியும் வாள், கேடயம், கனமான கவசம் மூன்றுக்கு மட்டும். பூட்டைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப்போ. கடினத்தை ஒரு நிலை இறக்கு. மூட்டையில் எப்போதும் பத்து சூப் இருக்கட்டும் என்றேன்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டான். இருபத்தேழாவது லெவல். கொள்ளைக்காரத் தலைவன் போய்ச் சேர்ந்துவிட்டான், கடினமும் பழையபடி அடெப்டுக்கு ஏறிவிட்டது. மூட்டையில் முட்டைக்கோஸ் மட்டும் நாற்பது இருக்கிறதாம். “ஒரு புள்ளி செலவழிக்காமல் வைத்திருக்கிறேன் மாமா. ஒரு கை ஆயுதம் இப்போதுதான் 57. அறுபது ஆகட்டும்” என்றான். பின்னாலிருந்து அம்மா, அந்த ஆள் சாப்பிட்டானா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.